துடைப்பமும் பாடம்தான்: ஒரு ஜப்பானிய மாணவரின் நாள்

ஜப்பான் பள்ளிகளைப் பற்றி நம் கைப்பேசிக்கு வந்து விழும் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. 'அங்கே 4-ஆம் வகுப்பு வரை தேர்வே கிடையாது, ஒழுக்கம் மட்டும்தான் சொல்லித் தருவார்கள்.' 'துப்புரவுப் பணியாளர்களே கிடையாது, கழிவறையைப் பிள்ளைகளே கழுவுகிறார்கள்.' 'அதெல்லாம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது.' கூடவே, உலகக் கோப்பை ஆட்டம் முடிந்த மைதானத்தில் பையோடு குப்பை பொறுக்கும் ரசிகர்களின் படம். காலை வணக்கத்தோடு சேர்ந்து வருவதால் யாரும் சரிபார்ப்பதும் இல்லை.

முதல் தகவல் தவறு. ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு பாடம் முடிந்தால் அதற்கொரு சோதனைத் தாள் உண்டு. திருத்தி, மதிப்பெண் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். தேர்ச்சி, தோல்வி என்ற கணக்குத்தான் கிடையாது. கட்டாயக் கல்வியின் 9 ஆண்டுகளில் ஒரு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இரண்டாவது தகவல் பாதி உண்மை. பள்ளியைப் பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளும் பெருக்குகிறார்கள். மூன்றாவதுதான் பெரிய பிசகு. எதுவும் ரத்தத்தில் ஊறவில்லை. எல்லாம் கால அட்டவணையில் இருக்கிறது: எத்தனை மணிக்கு, யார், எந்தத் துணியால் துடைக்க வேண்டும் என்பது வரைக்கும். ஜப்பானிய மாணவரின் ஒரு நாளைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டு போனால் இது விளங்கும். இப்படிப் பழக்குவதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதும் தெரியவரும்.

இன்றைய பள்ளி அமைப்பு 1947-இல் வந்தது. தொடக்கப் பள்ளி 6 ஆண்டு, நடுநிலைப் பள்ளி 3 ஆண்டு. இந்த 9 ஆண்டும் கட்டாயம். அதற்குமேல் மேல்நிலைப் பள்ளி 3 ஆண்டு. அது கட்டாயமில்லை, ஆனால் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் போகிறார்கள். கல்வியாண்டு ஏப்ரலில், செர்ரி பூக்கும் பருவத்தில் தொடங்கி மார்ச்சில் முடியும். 2002-இலிருந்து அரசுப் பள்ளிகளில் வாரத்துக்கு 5 நாள்தான் வகுப்பு.

காலை ஏழரை மணிக்குத் தெருமுனையில் நாலைந்து பிள்ளைகள் கூடி நிற்பார்கள். எல்லோரும் ஒரே பகுதியில் குடியிருப்பவர்கள், வெவ்வேறு வகுப்பில் படிப்பவர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குழுத் தலைவர். அது முன்னால் நடக்கும், ஒன்றாம் வகுப்புக் குட்டி அதன் பின்னால், இன்னொரு பெரிய பிள்ளை கடைசியில். பல ஊர்களில் இதுதான் பள்ளிக்குப் போகும் முறை. தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 6 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நடந்து போகும் வழியைக்கூடப் பள்ளியே முடிவு செய்து வரைபடத்தில் குறித்துக் கொடுக்கும். குறுக்கு வழியில் போகக் கூடாது. அரசுத் தொடக்கப் பள்ளி வாசலில் அம்மா அப்பா காரில் கொண்டுவந்து இறக்கிவிடும் காட்சியை அநேகமாகப் பார்க்க முடியாது. பெரும்பாலான பள்ளிகள் அதை அனுமதிப்பதில்லை.

முதுகில் ரன்டோசெரு என்னும் கெட்டியான பெட்டிப் பை. 1885-இல் டோக்கியோவில் பிரபுக்களின் பிள்ளைகள் படித்த கக்குஷூயின் பள்ளி, இனி யாரும் குதிரை வண்டியிலோ ரிக்‌ஷாவிலோ வரக் கூடாது, அவரவர் பொருளை அவரவரே சுமக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. முதுகுப் பையின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பணக்காரப் பிள்ளைகளுக்குச் சொகுசு வேண்டாம் என்று வந்த பை இன்று சராசரியாக 60,000 யென் விற்கிறது, நம் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். வாங்கித் தருவது பெரும்பாலும் தாத்தா பாட்டி. இதை வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாங்காமல் இருக்கத் துணியும் பெற்றோரும் மிகக் குறைவு. பாரம் ஏறிக்கொண்டே போனதில், எல்லாப் புத்தகத்தையும் தினமும் சுமக்க வைக்காதீர்கள், சிலவற்றைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகட்டும் என்று 2018-இல் கல்வி அமைச்சகமே சொல்ல வேண்டி வந்தது.

நடந்து போவது பார்க்க அழகாக இருக்கிறது என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2021 ஜூன் 28 அன்று சிபா மாநிலத்தின் யாச்சிமத்தா நகரில், குடித்துவிட்டு லாரி ஓட்டியவர் பள்ளி விட்டு வரிசையாக வந்துகொண்டிருந்த 5 பிள்ளைகள் மீது மோதினார். இருவர் இறந்தார்கள். அந்தச் சாலையில் நடைபாதையும் இல்லை, தடுப்பும் இல்லை. அதன் பிறகு நாடு முழுவதும் பள்ளி வழிகளை மறுபடி அளந்து பார்த்தார்கள். பிள்ளைகள் தனியாக நடக்க முடிவதற்குப் பின்னால் மஞ்சள் கொடி பிடித்துக் கடவையில் நிற்கும் பெற்றோர், ஆபத்தென்றால் ஓடி நுழையலாம் என்று வாசலில் பலகை மாட்டிய வீடுகள், பையில் தொங்கும் அபாய ஒலிப்பான் என்று ஒரு ஊரே வேலை செய்கிறது.

பள்ளிக்குள் நுழைந்ததும் செருப்பலமாரி. வெளிக்காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உவாபகி என்னும் வெள்ளை உட்காலணிக்கு மாற வேண்டும். வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துத் திங்களன்று கொண்டுவர வேண்டும். பிறகு காலைக் கூட்டம். அன்றைய பொறுப்பு இரண்டு பிள்ளைகளுக்கு. அவர்கள்தான் 'எழுந்திருங்கள், வணங்குங்கள், உட்காருங்கள்' என்று சொல்லிப் பாட வேளையைத் தொடங்கி வைப்பார்கள். இந்தப் பொறுப்பு எல்லோருக்கும் முறை வைத்து வரும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் வகுப்புத் தலைவர் பட்டம் கொடுத்து ஆண்டு முழுக்க அதிகாரம் செய்ய விடுவதில்லை. வாயே திறக்காத பிள்ளையும் தன் முறை வந்தால் முன்னால் நின்று குரல் கொடுத்தே ஆக வேண்டும். இது தவிர மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்வது, நூலக அலமாரியை அடுக்குவது, கரும்பலகையைத் துடைப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. வகுப்பையே நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுவார்கள். அறிவியல் செய்முறையும் சாப்பாடும் பெருக்குவதும் அந்தக் குழுவோடுதான்.

பாட வேளையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொடக்கப் பள்ளியில் 45 நிமிடம், மேலே 50 நிமிடம். மொழி, கணக்கு, அறிவியல், சமூகம், இசை, ஓவியம், உடற்கல்வி, மேல் வகுப்பில் தையலும் சமையலும். 2020-இலிருந்து 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம். இரண்டாம் வகுப்பில் நம் பிள்ளைகள் போலவே வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடி ஒப்பிக்கிறார்கள். உயிரை எடுப்பது கன்ஜி என்னும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். ஒன்றாம் வகுப்பில் 80-இல் தொடங்கி ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 1,026 எழுத்துகளைக் கோடு பிசகாமல், கோடு போடும் வரிசையும் மாறாமல் எழுதப் பழக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதுதான். 'ஜப்பானில் மனப்பாடமே இல்லை' என்று எழுதுகிறவர்கள் அந்த நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் நல்லது.

மதியம் பன்னிரண்டரை வாக்கில், ஆறேழு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வெள்ளை அங்கி, தொப்பி, முகக் கவசம் மாட்டிக்கொண்டு சமையற்கூடப் பக்கம் கிளம்புவார்கள். அந்த வாரப் பரிமாறும் முறை அவர்களுடையது. இரண்டு பேர் சூப் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வர, ஒருவர் சோற்றுப் பெட்டி, ஒருவர் தட்டுகள், ஒருவர் பால் பெட்டி. மற்றவர்கள் மேசைகளைக் குழுவாரியாகத் திருப்பிச் சேர்த்துப் போட்டு, தட்டேந்தி வரிசையில் வருவார்கள். கரண்டி பிடித்திருக்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு கணக்கு: அண்டாவில் இருப்பது 30 பேருக்குச் சரியாக வர வேண்டும். முதலில் வந்தவனுக்கு அள்ளி ஊற்றிவிட்டுக் கடைசி ஐந்து பேருக்கு இல்லையென்றால், ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து ஒவ்வொரு கரண்டி திரும்ப வாங்க வேண்டும். முகத்தைச் சுளிக்கும் வகுப்பின் முன்னால் அப்படி ஒருமுறை நின்ற பிள்ளை அடுத்த நாள் அளந்துதான் ஊற்றும். எல்லோருக்கும் வந்ததும் ஒன்றாகக் கைகூப்பி, 'இதாதகிமாஸ்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார்கள். ஆசிரியரும் அதே அறையில், அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுவார். யாராவது வராததால் மிஞ்சிய புட்டிங் ஒன்று இருந்தால், கல்-காகிதம்-கத்தரி விளையாடி வென்றவருக்கு. வாரம் முடிந்தால் அந்த வெள்ளை அங்கியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த முறைக்காரருக்காகத் திங்களன்று கொண்டுவர வேண்டும்.

இந்தச் சாப்பாடு வந்த வழி நீண்டது. 1889-இல் யமகதா மாநிலத்தின் சுருஒகாவில், கோயில் ஒன்றில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்புக் கருவாட்டு மீனும் ஊறுகாயும் கொடுத்ததுதான் தொடக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பஞ்ச காலத்தில் வெளிநாட்டு உதவியாக வந்த கொழுப்பு நீக்கிய பால்பொடி, நாடு முழுக்கப் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியது. அந்தப் பாலின் வாடையைச் சொன்னால் அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இன்றும் மூக்கைப் பிடிக்கிறார்கள். 1954-இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. ஆனாலும் பல காலம் ரொட்டிதான். சோறு தின்னும் நாட்டின் பள்ளி உணவில் சோறு முறையாக நுழைந்தது 1976-இல். 1996-இல் சகாய் நகரில் பள்ளி உணவு வழியாக ஓ-157 என்ற கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்தார்கள், மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு காய்கறியைப் பச்சையாகப் பரிமாறுவதைப் பல ஊர்கள் நிறுத்தின. பிள்ளைகளின் தட்டுக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகத் தலைமையாசிரியர் அதே உணவைச் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் கறாராக நடக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மிச்சம் வைக்கக் கூடாது என்பது ஒரு காலத்தில் கொடுமையாகவே இருந்தது. பால் பிடிக்காத பிள்ளையை, மற்றவர்கள் மேசையைத் தள்ளிப் பெருக்கத் தொடங்கிய பிறகும், தூசிக்கு நடுவே தட்டோடு உட்கார வைத்திருப்பார்கள். நடு வயது ஜப்பானியர் பலருக்கு இந்த நினைவு இருக்கிறது. இன்று அப்படிக் கட்டாயப்படுத்துவது தவறு என்ற எண்ணம் வந்துவிட்டது, ஆனால் முழுக்க ஒழிந்துவிடவில்லை.

சாப்பாடு, விளையாட்டு நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் இசை. பெருக்கும் நேரம், 15 முதல் 20 நிமிடம். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளுவார்கள். முன்பாதியைப் பெருக்கியபின், பழைய துண்டில் தைத்த துணியை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்து, இரு கையாலும் அழுத்திக்கொண்டு குனிந்தபடியே அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டம். பிறகு மேசைகளை முன்னால் தள்ளிப் பின்பாதி. ஒரு குழுவுக்கு மாடிப்படி, ஒன்றுக்குக் கழிவறை, ஒன்றுக்குத் தோட்டம், வாரந்தோறும் மாறும். சில பள்ளிகளில் ஆறாம் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும் ஒரே குழுவில் இருக்கும். துணியை எப்படிப் பிழிவது என்று சின்னதுக்குப் பெரியது காட்டிக் கொடுக்கும். சுத்தம் என்று பார்த்தால் இது சுமார் ரகம்தான். பத்து வயதுப் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் பண்ணும் துப்புரவு எப்படி இருக்கும்? பாதி விளையாட்டு, பாதி வேலை. கூலிக்கு ஆள் வைத்தால் இதைவிட நன்றாகவே செய்வார்கள். ஆக, தரை பளபளக்க வேண்டும் என்பதற்காக இதை வைக்கவில்லை.

வேறு எதற்கு? அரசின் பாடத்திட்டத்தில் மொழி, கணக்குக்குப் பக்கத்தில் 'சிறப்புச் செயல்பாடுகள்' என்று தனிப் பகுதி இருக்கிறது. ஆசிரியர்கள் சுருக்கமாகத் 'தொக்கட்சு' என்பார்கள். வகுப்புக் கூட்டம், மாணவர் மன்றம், விளையாட்டு விழா, கல்விச் சுற்றுலா எல்லாம் அதற்குள் அடங்கும். உணவு பரிமாறுவதும் பெருக்குவதும் அதோடு சேர்த்தே பார்க்கப்படுகின்றன. சேர்ந்து வாழப் பழகுவதும் ஒரு பாடம், அதற்கும் பயிற்சி வேண்டும் என்பது இதன் அடிப்படை. 'இந்த மாதம் மழை நாளில் இடைவேளையை எப்படிக் கழிப்பது' என்ற விஷயத்தை வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளைகள் தலைவர், குறிப்பெழுதுபவர் எல்லாம் நியமித்து ஒரு பாட வேளை முழுக்க விவாதிப்பார்கள். ஆசிரியர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். இதை வேறு மண்ணிலும் நட முடியும் என்று எகிப்து நினைத்தது. 2016-இல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டு, 2018-இல் 'எகிப்து-ஜப்பான் பள்ளிகள்' என்ற பெயரில் 35 பள்ளிகளைத் திறந்தது. அங்கே கெய்ரோ பிள்ளைகள் துடைப்பம் பிடிக்கிறார்கள், முறை வைத்து வகுப்பை நடத்துகிறார்கள். ரத்தம், மரபு என்ற பேச்செல்லாம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கூட்டமாக இயங்கப் பழக்குவது எங்கே உயிரைக் காக்கிறது, எங்கே காக்கத் தவறுகிறது என்பதற்கு 2011 மார்ச் 11 சுனாமியை விடத் துல்லியமான சாட்சி கிடையாது. பயிற்சி எல்லாப் பள்ளியிலும்தான் நடக்கிறது. நிலம் நடுங்கினால் மேசைக்கடியில் நுழைவது, வரிசையாக மைதானத்துக்கு வருவது, பெயர் கூப்பிட்டு எண்ணுவது. இஷினோமாக்கி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அன்று அதை ஒழுங்காகச் செய்தார்கள். மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். எங்கே போவது என்று பெரியவர்களால் முடிவெடுக்க முடியாமல் சுமார் 50 நிமிடம் போயிற்று. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. கடைசியில் ஆற்றுப் பாலத்தின் பக்கம் நடக்கத் தொடங்கியபோது அலை வந்துவிட்டது. 108 பிள்ளைகளில் 74 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 10 பேர். பள்ளியும் நகராட்சியும் முன்கூட்டியே தயாராக இருக்கத் தவறின என்ற தீர்ப்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கமாய்ஷி நகரின் உனோசுமாயில் கதை வேறு. அங்கே பேரிடர் ஆய்வாளர் கதாதா தொஷிதகா பல ஆண்டுகளாகப் பள்ளிகளில் சொல்லி வந்தது மூன்று விஷயங்கள்: வரைபடத்தில் போட்டிருப்பதை நம்பிவிடாதே, முடிந்த மட்டும் முயற்சி செய், மற்றவர்களுக்குக் காத்திராமல் முதல் ஆளாக ஓடு. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடத் தொடங்கியதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியும் கிளம்பியது. குறித்து வைத்திருந்த இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே ஏறினார்கள், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அன்று அந்த இரு பள்ளிகளிலும் இருந்த சுமார் 570 பிள்ளைகளும் பிழைத்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு போவது தினசரிக் காலை நடையில் பழகியதுதான். காத்திராமல் ஓடு என்பதைத்தான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் நாள் நீண்டுவிடும். சீருடை வரும், விதிகள் வரும், கூடவே 'புகட்சு' என்னும் மன்றச் செயல்பாடும் வரும். பேஸ்பால், டென்னிஸ், கெண்டோ, காற்றிசைக் குழு, ஓவியம் என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்தால் மூன்று ஆண்டும் பெரும்பாலும் அதில்தான். காலை ஏழு மணிக்குப் பயிற்சி, மாலை ஆறு வரை பயிற்சி, சனி ஞாயிறு போட்டி. மூத்தவர் செம்பாய், இளையவர் கோஹாய். ஒரு வயது பெரியவரிடம்கூட மரியாதைச் சொல் போட்டுத்தான் பேச வேண்டும். முதலாம் ஆண்டில் பந்து பொறுக்குவதும் வலை கட்டுவதும்தான் வேலை. இந்த மன்றத்து நட்பு சாகும்வரை தொடரும் என்பார்கள். வசையும் அடியும் ஒளிந்து வளர்ந்த இடமும் இதுதான். 2012-இல் ஒசாகாவில் பயிற்றுநர் அடித்ததைத் தொடர்ந்து கூடைப்பந்துக் குழுத் தலைவனான மாணவன் உயிரை மாய்த்துக்கொண்டது நாட்டையே உலுக்கியது. 2018-இல் அரசு ஒரு வரம்பு வகுத்தது: வாரத்துக்குக் குறைந்தது 2 நாள் ஓய்வு, வேலை நாளில் சுமார் 2 மணி நேரம், விடுமுறை நாளில் 3 மணி நேரம். எல்லாப் பள்ளியும் அதன்படி நடக்கிறதா என்றால், போட்டி நெருங்கும்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கூட நின்று நடத்துபவர் யார்? வகுப்பு ஆசிரியர்தான். சாப்பாட்டு நேரமும் அவருக்கு வேலை நேரம், பெருக்கும் நேரமும் வேலை நேரம், ஞாயிறு போட்டிக்கும் அவர்தான் கூட்டிப்போக வேண்டும். பன்னாட்டு ஆசிரியர் ஆய்வு 2018-இல் எடுத்த கணக்கில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார். பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3. இத்தனைக்கும் மிகைநேர ஊதியம் கிடையாது. 1971-இல் வந்த தனிச் சட்டம் சம்பளத்தில் 4 சதவீதத்தைச் சேர்த்துக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டது. அதைப் படிப்படியாக 10 சதவீதமாக்க 2025-இல்தான் திருத்தம் வந்தது. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்போர் குறைந்துகொண்டே போவதில் ஆச்சரியமில்லை. பிள்ளைகளைப் புகழும் அந்தக் கைப்பேசிச் செய்திகளில் இந்த மனிதருக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பல ஊர்களில் தெரு ஒலிபெருக்கியில் பழைய சிறுவர் பாட்டு ஒன்றின் மெட்டு கேட்கும். பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்த மாதிரியும் ஆயிற்று, விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய மாதிரியும் ஆயிற்று. ஆனால் டோக்கியோவில் பல பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போவதில்லை, ஜுகுவுக்குப் போகிறார்கள். ஜுகு என்றால் தனிப்பயிற்சி நிலையம். நம்மூரில் கிளை விரித்திருக்கும் குமோனும் 1958-இல் ஒசாகாவில் இப்படித் தொடங்கியதுதான். தனியார் நடுநிலைப் பள்ளியில் இடம் பிடிக்க நினைக்கும் குடும்பம் நான்காம் வகுப்பிலேயே பிள்ளையை இதில் சேர்த்துவிடும். அங்கே எழுதும் மாதிரித் தேர்வுகளில், சராசரியை 50 என்று வைத்து ஒவ்வொரு பிள்ளையும் அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று ஒரு எண் கொடுப்பார்கள். ஹென்சாச்சி என்ற அந்த எண்ணைக்கொண்டு பள்ளிகளையும் தரம் பிரித்து வைத்திருப்பார்கள். பிப்ரவரி 1 அன்று டோக்கியோவில் தேர்வு. பகலில் 'யாரையும் விட்டுவிடாமல் சேர்ந்து செய்' என்று பழகிய அதே பிள்ளை இரவு ஒன்பது மணி வரை பக்கத்து இருக்கைக்காரனை எப்படி முந்துவது என்று பழகுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதுபோலத்தான் பெரியவர்கள் நடந்துகொள்கிறார்கள்.

தனியார் பள்ளி வேண்டாம் என்பவர்களுக்கும் 15 வயதில் மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு காத்திருக்கிறது. அதில் தேர்வு மதிப்பெண்ணோடு நடுநிலைப் பள்ளி தரும் அறிக்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்று ஆண்டுகளாக வகுப்பில் எப்படி நடந்துகொண்டான் என்பதும் அதில் இருக்கும் என்பதால், ஆசிரியரிடம் முகம் கோணாமல் இருக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் ஜனவரி நடுவில் பல்கலைக்கழகப் பொதுத் தேர்வு. சுமார் 5 லட்சம் பேர் இரண்டு நாள் எழுதுவார்கள். பனி கொட்டி ரயில் நின்றால் அன்றைய முதல் செய்தி அதுதான்.

கோடை விடுமுறை சுமார் 40 நாள். குளிர் மிகுந்த ஹொக்கைடோவில் கோடையில் குறைத்துக் குளிர்காலத்தில் கூட்டிக்கொள்வார்கள். விடுமுறை என்று பெயர்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் தொட்டியில் வளர்த்த அசகாவோ கொடியை வீட்டுக்குத் தூக்கி வந்து, எத்தனை பூ பூத்தது என்று படம் வரைந்து எழுத வேண்டும். படக் குறிப்பேடு, புத்தக மதிப்புரை, தானே தேர்ந்தெடுத்த ஆய்வு ஒன்று. காலை ஆறரை மணிக்கு வானொலி உடற்பயிற்சி, 1928-இல் தொடங்கியது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய், கைகால் ஆட்டி முடித்ததும் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வீட்டுப்பாடம் முடியாமல் அழுவது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொது.

அந்தக் கடைசி வாரத்துக்கு ஜப்பானில் கனமான இன்னொரு பக்கமும் இருக்கிறது. பள்ளி திறக்கும் செப்டம்பர் 1-ஐ ஒட்டி உயிரை விடும் பிள்ளைகள் அதிகம் என்று 2015-இல் அரசு வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த ஆகஸ்டில் கமகுரா நகர நூலகம் ட்விட்டரில் ஒரு சின்ன அறிவிப்பு போட்டது. பள்ளிக்குப் போவது சாவைவிடக் கொடுமையாகத் தோன்றினால் நூலகத்துக்கு வாருங்கள், இங்கே காமிக்ஸும் கதைப் புத்தகமும் இருக்கின்றன, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். அது நாடெங்கும் பரவியது. ஒரு நூலகர் நாலு வரியில் சொன்னதைக் கல்வித் துறை சுற்றறிக்கைகள் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

ஆண்டுக்கு 30 நாளுக்கு மேல் பள்ளிக்கு வராத தொடக்க, நடுநிலைப் பிள்ளைகள் 2024 கல்வியாண்டில் 3,53,970 பேர். பன்னிரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கை ஏறிக்கொண்டே வருகிறது. நோய், வறுமை காரணமாக வராதவர்கள் இதில் சேர மாட்டார்கள். கேலி, மிரட்டல், படிப்புச் சுமை, காலையில் எழ முடியாத சோர்வு என்று காரணங்கள் பல. ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால், குழுவை விட்டு ஒதுங்கி நிற்க இடமே இல்லாத ஒரு நாள் இருக்கிறது. சாப்பிடும்போது குழு, பெருக்கும்போது குழு, நடக்கும்போது குழு. ஒருவர் தாமதித்தால் குழுவே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பே தண்டனை. இயல்பிலேயே வேறு மாதிரி இருக்கும் பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்பதை ஒசாகா வழக்கு ஒன்று காட்டியது. பிறவியிலேயே பழுப்பு முடி கொண்ட மாணவியைக் கறுப்புச் சாயம் பூசச் சொல்லி வற்புறுத்தியது அவர் படித்த மேல்நிலைப் பள்ளி. 2017-இல் அவர் வழக்குப் போட்டார். 2021-இல் நீதிமன்றம் 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, ஆனால் முடி விதிக்காக அல்ல. விதி செல்லும் என்றது. அவர் பள்ளிக்கு வராமல் போனபின் வகுப்பிலிருந்து அவர் மேசையை எடுத்துவிட்டு, பட்டியலிலிருந்து பெயரையும் நீக்கியதற்காக. அடுத்த ஆண்டு டோக்கியோ மாநகர மேல்நிலைப் பள்ளிகள் முடி நிறம், உள்ளாடை நிறம் போன்ற விதிகளைக் கைவிட்டன.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஓய்வும் தேவைப்படலாம் என்று ஒப்புக்கொண்டது. 'பள்ளிக்குத் திரும்புவது மட்டுமே குறிக்கோள் அல்ல' என்று 2019-இல் அமைச்சகம் பள்ளிகளுக்கு எழுதியது. பாட வேளை குறைத்த தனிப் பள்ளிகள், இணையவழி மேல்நிலைப் பள்ளிகள், வகுப்புக்குள் போகாமல் தனியறையில் உட்கார்ந்து படிக்கும் ஏற்பாடு எல்லாம் வந்துகொண்டிருக்கின்றன.

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்தும் இந்த முறைக்குச் சோதனை வந்திருக்கிறது. 2024-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 6,86,000 பேர்தான். ஆண்டுதோறும் சில நூறு பள்ளிகளை மூடுகிறார்கள். மலைக் கிராமங்களில் இரண்டு வகுப்புகளை ஓர் அறையில் வைத்து ஓர் ஆசிரியர் நடத்துகிறார். மொத்தமே ஏழெட்டுப் பிள்ளைகள் என்றால் முறை வைக்க என்ன இருக்கிறது? எல்லோரும் எல்லா நாளும் பரிமாற வேண்டும், விளையாட்டு விழாவில் ஓட ஆள் போதாமல் ஊர்ப் பெரியவர்களும் ஓட வேண்டும். நாகானோ மாநிலத்தின் யாசகா கிராமம் 1976-இல் ஒரு வழி கண்டது: நகரத்துப் பிள்ளைகள் ஓராண்டு வந்து கிராமத்தில் தங்கி அங்குள்ள பள்ளியில் படிப்பது. இன்று பல கிராமங்களும் தீவுகளும் அதையே செய்கின்றன. பிள்ளைக்கு வயலும் காடும் கிடைக்கும் என்று அறிவிப்பில் போடுகிறார்கள். பள்ளியை மூடாமல் இருக்க இன்னும் நாலு பிள்ளைகள் வேண்டும் என்பதும் அதே அளவுக்குக் காரணம்.